முகப்பை மட்டும் அல்ல, முழுக் கட்டடத்தையும் காக்கும் நிபந்தனைகளோடு விடுதிக்கு அனுமதி வழங்கக் கோரிக்கை

அனுப்புநர்:
நகர மையப் பகுதியில் குடியிருப்போர்

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: பழைய கட்டடத்தைத் தனிப்பாணியிலான சிறு விடுதியாக (boutique hotel) மாற்றும் அனுமதியில் பாதுகாப்பு நிபந்தனைகளைச் சேர்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கும் பழைய கட்டடத்தை விடுதியாக மாற்றுவதற்கான விண்ணப்பம் உங்கள் பரிசீலனையில் இருப்பதாக அறிந்தோம். விடுதியே வரக் கூடாது என்று கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. வரட்டும், அதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆள் புழங்காத கட்டடத்தில் மழைநீர்க் குழாய் அடைத்தால் கவனிக்க யாரும் இல்லை. தளத்தில் தேங்கும் நீர் சுவருக்குள் இறங்குகிறது, இடுக்கில் முளைத்த செடியின் வேர் சுவரைப் பிளக்கிறது. ஆள் புழக்கம் இருந்தால்தான் இதெல்லாம் உடனே கண்ணில் படும்.

சிங்கப்பூரில் 1928இல் திறக்கப்பட்டு, நெடுங்காலம் தலைமை அஞ்சலகமாக இருந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம் 2001இல் ஹோட்டலானது. 2015இல் அது தேசிய நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஸ்பெயினில் பழைய கோட்டைகளையும் மடாலயங்களையும் அரசு நிறுவனமே பரதோர் என்ற பெயரில் விடுதிகளாக நடத்துகிறது. ஆகவே விடுதியும் வரலாறும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும். எந்த நிபந்தனையில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், சமூகத்துக்குப் பயன்படும் வகையில் கட்டடத்தைப் புழக்கத்தில் வைப்பது அதைக் காக்க உதவும் என்கிறது. அதே பிரிவில், அந்தப் பயன்பாட்டுக்காகக் கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக் கூடாது என்றும் இருக்கிறது.

முகப்பைக் காப்பாற்றுவோம் என்று உரிமையாளர் தரப்பு சொல்கிறது. எங்களுக்கு அது போதாது. தெருவைப் பார்த்த சுவரை மட்டும் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, உள்ளே முழுவதையும் இடித்துக் கான்கிரீட் எழுப்பினால் நிற்பது பழைய கட்டடம் அல்ல. மாடிப்படி, முற்றம், மர உத்தரங்கள், அறைகளின் உயரம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கட்டடம்.

மிகப் பெரிய ஆபத்து குளியலறைகளில் இருந்துதான் வரும். பழைய கட்டடங்களில் அறைக்கு ஒரு குளியலறை கிடையாது. விடுதிக்கோ அது இல்லாமல் முடியாது. இதற்காகச் சுமை தாங்கும் சுவர்களை வெட்டிக் குழாய் பதித்தால் சுவர் பலமிழக்கும். ஏதாவது ஒரு இணைப்பில் மெல்லக் கசியும் நீர், உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையை வெளியே தெரியாமலே உளுத்துப்போக வைக்கும். குளியலறைகளை மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, குழாய்களைத் திறந்து பார்க்கக்கூடிய தனிப் பாதையில் கொண்டுபோனால் இதைத் தவிர்க்கலாம். அப்புறம் மொட்டைமாடி. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். மேலே பெரிய தொட்டியோ நீச்சல் குளமோ வைத்தால் அத்தனை டன்னையும் பழைய தளம்தான் சுமக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி தரைமட்டத்தில் இருக்கட்டும். மாடியில் குளத்துக்கு அனுமதி வேண்டாம்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூசக் கூடாது என்பதையும் ஆணையிலேயே எழுத வேண்டுகிறோம். சுண்ணாம்புப் பூச்சு வழியே சுவரின் ஈரம் வெளியேறும். சிமென்ட் பூச்சு அதை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தில் உள்ள உப்பு படிகமாகிச் செங்கல்லையே உதிர்க்கும். சுண்ணாம்பு இறுக நாளாகும், திறப்பு விழாத் தேதிக்கு அவசரப்படுகிறவர்கள் சிமென்ட்டைத்தான் எடுப்பார்கள். அதனால் இதை ஒப்பந்ததாரரின் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டாம்.

தீ பாதுகாப்பில் எங்களுக்கும் சமரசம் இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மர மாடிப்படியை அகற்றத் தேவையில்லை. பின்புறம் இரண்டாவது வெளியேறும் படி, தானியங்கி நீர்த்தெளிப்பான், புகை புகாத கதவுகள் ஆகியவற்றைக் கொண்டு தீயணைப்புத் துறையின் ஒப்புதலைப் பெற வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். லிஃப்ட்டும் முற்றத்தை விழுங்காமல் பின்பகுதியில் வரட்டும்.

வேலை தொடங்கும் முன்பே கட்டடம் முழுவதையும் அளந்து, வரைந்து, படமெடுத்து, அந்த ஆவணத்தைப் பொது நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ வைக்கச் செய்யுங்கள். எது இருந்தது, எது போனது என்று பிறகு கேட்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். மரபுக் கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் ஒவ்வொரு கட்டத்திலும் பார்வையிட்டுச் சான்று தர வேண்டும். சான்று இல்லாமல் அடுத்த கட்டப் பணி தொடங்கக் கூடாது.

குடியிருப்போர் என்ற முறையில் இன்னும் சில. சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும். இரவில் மாடியில் ஒலிபெருக்கி வேண்டாம். புதிதாகச் சேரும் கழிவுநீரை எங்கள் பழைய குழாய் தாங்குமா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும். தரைத்தள முற்றம், தங்காதவர்களும் வந்து பார்க்கும்படி பகலில் திறந்திருந்தால் இந்தத் தெருப் பிள்ளைகளும் அதைப் பார்த்து வளர்வார்கள்.

இறுதி ஆணை பிறப்பிக்கும் முன் உரிமையாளர், பொறியாளர், குடியிருப்போர் மூன்று தரப்பையும் ஒருமுறை அழைத்துப் பேசுமாறும், அதுவரை உட்பகுதியில் எந்த இடிப்பு வேலையும் நடக்காதபடி எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நகர மையப் பகுதியில் குடியிருப்போர்