ஹாட்டிஷ் தாராளமாகக் கொண்டுபோ

அன்புள்ள கண்ணம்மா,

குழந்தை பெற்றிருக்கும் தோழிக்கு, கறியும் காயும் க்ரீம் சூப்பும் கலந்து ஒரே பாத்திரத்தில் ஓவனில் வேகவைக்கும் ஹாட்டிஷ் செய்து கொண்டுபோகலாமா, இல்லை, அது வெறும் உப்பும் கொழுப்பும்தானே என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கொண்டுபோ.

உப்பைப் பற்றி நீ சொல்வது சரிதான். கடையில் விற்கும் காளான் க்ரீம் சூப் டப்பா ஒன்றில் ஏறக்குறைய 2 கிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாள் முழுக்க வைத்திருக்கும் வரம்பே அவ்வளவுதான். நாலைந்து பேர் பங்குபோட்டாலும் மேலே அடுக்கும் டேட்டர் டாட்ஸ் என்ற பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகளிலும் சீஸிலும் வேறு உப்பு சேர்கிறது. அதனால் டப்பாவை விட்டுவிடு. காளானைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் சுண்டும்வரை வெண்ணெயில் வதக்கு. இரண்டு கரண்டி மைதா போட்டுப் பச்சை வாசனை போனதும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறு. கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் பதம். கொத்துக்கறியைப் பாதியாக்கி, வேகவைத்த பயறும் பீன்ஸும் கேரட்டும் சேர். புரதமும் இருக்கும், நார்ச்சத்தும் கிடைக்கும். மேலே டாட்ஸை வரிசையாக அடுக்கி, மூடாமல் ஓவனில் வை. மூடினால் நமத்துவிடும்.

இங்கே அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தில் ஹாட்டிஷ் என்றாலே ஊருக்குச் சமைப்பது. 1930-இல் இங்கேயுள்ள மன்கேட்டோ ஊரில் ஒரு லூத்தரன் சர்ச் பெண்கள் போட்ட சமையல் புத்தகத்திலேயே கொத்துக்கறி, மக்ரோனி சேர்த்த ஹாட்டிஷ் இருக்கிறது. காசுக்கு முடை வந்த காலம் அது. கொஞ்சம் கறியை வைத்துக்கொண்டு நிறையப் பேருக்குப் பசியாற்ற இதைவிட நல்ல வழி ஏது? இன்றும் சாவு வீடோ பிள்ளை பெற்ற வீடோ, முதலில் வந்து சேர்வது ஹாட்டிஷ்தான்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது நீ சின்னப் பெண். வந்த ஒவ்வொரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியிலும் பேர் எழுதிய டேப் ஒட்டியிருந்தது. நாம் மாட்டுக்கறி சாப்பிடமாட்டோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அத்தனையும் வான்கோழிக் கறியில் வந்தது. ஒருவர்கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு இந்தச் சாப்பாட்டின் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

அப்புறம் ஒன்று. என்ன ஒத்துக்கொள்ளாது என்று அவள் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள். அலுமினிய ட்ரேயிலேயே செய், கழுவித் திருப்பித் தரும் வேலை அவளுக்கு வேண்டாம். எப்படிச் சூடுபண்ண வேண்டும் என்று மூடியில் எழுதி ஒட்டு. உள்ளே போய் உட்கார்ந்து பேசாதே. வாசலில் கொடுத்துவிட்டு வா, அவள் தூங்கட்டும்.

அன்புடன்,
அம்மா