கேரவன் கூரையைத் தட்டிப் பார்க்காமல் ஏசி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிரெய்லர் கேரவனை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் பெயின்ட், மெத்தை, சமையல் மேடை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில்தான் "மேலே எத்தனை டன் ஏசி போடலாம்?" என்று கேட்கிறார்கள். உள்கூரையை மூடும் முன்பே ஏசியைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். முதலில் கூரை, அடுத்து கரண்ட், அதற்குப் பிறகுதான் டன்.

1950, 60களில் வந்த பல டிரெய்லர்களின் கூரை, காற்றுப்போக்கிக்கு ஒரு ஓட்டை விட்டதோடு சரி. மேலே பாரம் ஏற்றுவதற்காகச் செய்ததல்ல. கூரை ஏசி 35 முதல் 50 கிலோ வரை இருக்கும். ஸ்பீடு பிரேக்கரிலும் பள்ளத்திலும் வண்டி குதிக்கும்போது 45 கிலோ ஏசி அந்த நொடியில் இரண்டு மூன்று மடங்காக அழுத்தும். ஆகவே காற்றுப்போக்கியின் உள்சட்டத்தைக் கழற்றி, ஓட்டையின் விளிம்பில் தெரியும் பலகையைப் பாருங்கள். நல்ல பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் முனை நிற்கும். கெட்டுப்போனதில் ஊறிய சோப்பில் இறங்குவதுபோல இறங்கும். பிளைவுட் அடுக்குகள் நனைந்த நோட்டுப் புத்தகம்போலப் பிரிந்து கருத்திருக்கும். அந்த நிலையில் மேலே எதையும் வைக்காதீர்கள். கெட்ட பகுதியை முழுக்க வெட்டியெடுத்து, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் போடுங்கள். அதன் அடியில் அலுமினியச் சதுரக் குழாயில் ஒரு சட்டம் கட்டி, பாரம் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் இறங்கும்படி செய்யுங்கள். மலிவு என்று இரும்புக் குழாயை அலுமினியத் தகட்டோடு நேரடியாகச் சேர்த்தால், ஈரம் பட்ட இடத்தில் அலுமினியம் வெண்பொடியாகப் பூத்து அரித்துவிடும்.

ஓட்டையின் அளவும் முக்கியம். அமெரிக்க ஏசிகளுக்கு 14¼ அங்குலச் சதுரம், அதாவது சுமார் 362 மி.மீ. ஐரோப்பிய ஏசிகள் பலவற்றுக்கு 400 மி.மீ. அந்த 38 மி.மீ. வித்தியாசத்துக்காகக் கூரையின் வளைவுச் சட்டத்தை அறுத்துவிடுகிறார்கள். அறுத்த சட்டத்துக்கு ஈடு கட்டாமல் மேலே 40 கிலோ வைத்தால் கூரை குழியும், குழியில் தண்ணீர் நிற்கும், பிறகு ஒழுகும்.

இனி கரண்ட். நமது ஊரில் நடக்கும் பெரிய ஏமாற்றம் இதில்தான். அமெரிக்காவிலிருந்து வந்த 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (கரண்டின் நொடிச் சுழற்சி எண்ணிக்கை) ஏசியை விற்பவர்கள், "ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும்" என்கிறார்கள். போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும். நம் ஊர்க் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 115 வோல்ட் கொடுத்தால் அதன் இரும்புப் பகுதியில் காந்தம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். சூட்டைத் தவிர்க்க 96 வோல்ட் அளவுக்கு இறக்கலாம். அப்போதும் கம்ப்ரசரும் விசிறியும் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும். குளிர்ச்சியும் அந்த அளவுக்குக் குறையும். கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல நாலைந்து மடங்கு இழுப்பதால், 2 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் அந்த நொடியில் துவண்டுவிடும். வாங்கும் முன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டைப் படியுங்கள். 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்க வேண்டும்; இல்லையென்றால் எந்த விலைக்கும் வேண்டாம். குளிரூட்ட ஆர்-22 வாயு உள்ள பழைய மெஷினும் வேண்டாம். 2030-க்குள் அந்த வாயுவை நிறுத்துவதாக ஏற்பாடு; ஒழுகினால் நிரப்புவது வரவரக் கடினம்.

230 வோல்ட்டில் 13,500 பி.டி.யு. (ஒரு டன் என்பது 12,000 பி.டி.யு.) ஏசி ஓடும்போது சுமார் 6 ஆம்பியர்தான் இழுக்கும். இதை நம்பி 1.5 சதுர மி.மீ. கம்பியில் 30 மீட்டர் இழுப்பவர்கள் உண்டு. கிளம்பும் நொடியில் 30 ஆம்பியர் பாயும்போது அந்தக் கம்பியிலேயே சுமார் 26 வோல்ட் விழும். கோடை மாலையில் வீட்டு சாக்கெட்டில் வருவதே 200 என்றால், கம்ப்ரசருக்குக் கிடைப்பது 174. அது கிளம்பாமல் 'உம்ம்' என்று முனகி ஓவர்லோடில் நிற்கும். மெக்கானிக் வந்து கம்ப்ரசர் போய்விட்டது என்பார். போனது கம்ப்ரசர் அல்ல. 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் போட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். வெளிச்சுவரே அலுமினியமாக இருக்கும் வண்டியில் எர்த் விட்டுப்போனால், ஒரு சின்னக் கசிவில் வண்டி முழுக்க ஷாக் அடிக்கும். மழையில் படியில் கால் வைப்பவருக்கு உயிராபத்து. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அரை மணியில் வாங்கக்கூடிய பொருளுக்கு யோசிக்கவே கூடாது.

ஜெனரேட்டரில் ஓட்டுவதானால் 3 கே.வி.ஏ. பாருங்கள், கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றும் சேருங்கள். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே இன்ஜின் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். புகைக்குழாய் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது.

டன் கணக்கு இதற்குப் பிறகு எளிது. ஐந்து மீட்டர் நீள டிரெய்லருக்குப் பெங்களூரில் 9,000 முதல் 11,000 பி.டி.யு., அதாவது முக்கால் டன் முதல் ஒரு டன்னுக்குள் இருந்தால் போதும். மே மாதம் வேலூர், சென்னை பக்கம் போவதானால் 13,500. "இருக்கட்டும்" என்று 15,000 போட்டால் ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. சென்னைக் காற்றில் உள்ளே நனைந்த துணி போர்த்தியதுபோலச் சில்லிடும், பலகை பூஞ்சை பிடிக்கும். உள்தகட்டைக் கழற்றியிருக்கும்போதே 25 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஃபோம் ஒட்டுவதும், ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கட்டுவதும் அந்தக் கூடுதல் டன்னைவிட நல்ல செலவு.

எங்கே வைப்பது? ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால். ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 45 கிலோ வைத்து, இழுக்கும் கொக்கி நான்கு மீட்டர் முன்னால் இருந்தால், கொக்கியில் விழும் பாரம் சுமார் 17 கிலோ குறையும். வண்டியின் மொத்த எடையில் பத்து சதவீதத்துக்குக் கீழே அந்தக் கொக்கிப் பாரம் இறங்கினால், வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும்.

பொருத்தும்போது ஏசிக்கும் கூரைக்கும் நடுவே வரும் ஃபோம் கேஸ்கெட்டுக்குக் கீழே சிலிக்கான் பூச வேண்டாம். நான்கு போல்ட்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கேஸ்கெட் பாதி கனத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் அடித்தட்டு வளைந்து, அந்த வளைவு வழியாகவே தண்ணீர் இறங்கும். வளைந்த கூரையில் அடித்தட்டு சமமாக உட்காராது. அதற்கேற்பச் சீவிய ஆப்புச் சட்டம் வேண்டும். ஏசி கக்கும் தண்ணீரைக் கூரையிலேயே விடும் மாடல்கள் பழைய வண்டிக்கு ஆகாது. அது வழிந்து ஜன்னல் ரப்பரைத்தான் தேடிப்போகும். வடிதட்டும் 12 மி.மீ. குழாயும் உள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

கூரை தாங்காது என்று தெரிந்தால் பிடிவாதம் வேண்டாம். முக்கால் டன் இன்வர்ட்டர் ஸ்ப்ளிட்டின் வெளி யூனிட்டை முன்பக்க இழுவைச் சட்டத்தில் ரப்பர் பேடின்மேல் வைக்கலாம். அதன் கம்ப்ரசர் மெதுவாகக் கிளம்பும், ஸ்பேர் எந்தத் தெருவிலும் கிடைக்கும். செம்புக் குழாயை மட்டும் ஒரு வளையம் சுற்றி விடுங்கள். நேராக இழுத்துக் கட்டினால் ஆட்டத்தில் குழாய் இணையும் ஃப்ளேர் முனை விரிந்து வாயு போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் இருபது நிமிடம் ஓட்டி, உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 9 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கிறதா என்று அளக்கவும். பிறகு ஒருவர் மேலே ஹோஸ் பிடிக்க, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு கேஸ்கெட்டின் நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும். 500 கி.மீ. ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி சரிபார்க்கவும். ஃபோம் அதற்குள் அமுங்கியிருக்கும்.

இப்படிக்கு,
ஏசி பழுதுபார்ப்போர் சிலர்,
சிவாஜிநகர், பெங்களூரு