கம்பெனி பிறக்கும் முன்னே போட்ட கையெழுத்து

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். மகளுக்குக் கோவைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

நீயும் மச்சானும் எண்ணெய் மில்லைப் பிரைவேட் லிமிடெட்டாகத் தொடங்குவது நல்ல காரியம். ஆனால் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கம்பெனி இன்னும் ரிஜிஸ்டர் ஆகவில்லை, அதற்குள் அதன் பெயரில் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். "லிமிடெட்தானே, நம் தலையில் என்ன விழப்போகிறது" என்று வேறு எழுதியிருக்கிறாய். பங்குக்குப் போட்ட பணத்தோடு பொறுப்பு முடிவது, பிறந்த கம்பெனி வாங்கும் கடனுக்குத்தான். பிறக்காத கம்பெனிக்காக நீ போட்ட கையெழுத்து உன்னுடையது.

1866-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு, கெல்னர் எதிர் பாக்ஸ்டர். கிரேவ்செண்டில் ஹோட்டல் கம்பெனி தொடங்க இருந்தவர்கள், "வரப்போகும் கம்பெனியின் சார்பில்" என்று எழுதி ஒயின் வாங்கினார்கள். ஒயின் தீர்ந்தது. கம்பெனி பதிவாகி, அந்த ஒப்பந்தத்தை ஏற்பதாகவும் சொன்னது. பணம் கொடுப்பதற்குள் நொடித்துப்போனது. இல்லாத ஆளுக்காக ஒருவர் ஏஜெண்டாக இருக்க முடியாது, பின்னால் ஏற்றதும் செல்லாது என்று சொல்லி, கையெழுத்துப் போட்டவர்களையே கட்டச் சொன்னது கோர்ட்.

நம் நாட்டில் கொஞ்சம் வழி உண்டு. 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 15, 19 பிரிவுகளின்படி, ஒப்பந்தம் கம்பெனியின் நோக்கத்துக்கு உட்பட்டிருந்து, பதிவான பிறகு கம்பெனி அதை ஏற்று எதிர்த்தரப்புக்குத் தெரிவித்தால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அதனால் பதிவானதும் முதல் போர்டு கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, மெஷின்காரருக்கு எழுத்தில் அனுப்பிவிடு. முடிந்தால் கம்பெனியின் பெயரில் புது ஒப்பந்தமே போட்டு, பழையதிலிருந்து உன்னை விடுவித்ததாக அவரிடம் எழுதி வாங்கு. அதுதான் பத்திரம்.

அப்புறம் உன் ஷெட். அதைக் கம்பெனிக்கே கிரயம் செய்யப் போகிறாய் அல்லவா? நீ வாங்கிய விலை, விற்கும் விலை, உனக்கு நிற்கும் லாபம் மூன்றையும் பங்குதாரர் எல்லோருக்கும் எழுத்தில் சொல்லிவிடு, மச்சானின் நண்பர்கள் உட்பட. பாரிஸ் வங்கியாளர் எர்லாங்கரின் குழு 1871-இல் கரீபியனில் சோம்ப்ரேரோ தீவின் பாஸ்பேட் குத்தகையை 55,000 பவுண்டுக்கு வாங்கி, சில வாரங்களில், வாங்கிய விலையைப் பங்குதாரர்களுக்குச் சொல்லாமல், தாங்களே தொடங்கிய கம்பெனிக்கு 1,10,000-க்கு விற்றது. 1878-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அந்த விற்பனையையே ரத்து செய்தது. லாபம் பார்ப்பது குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம். கம்பெனியைத் தொடங்குகிறவன் அதற்கு நம்பிக்கைக்குரியவனாக நடக்கக் கடமைப்பட்டவன். போடப்போகிறவர்களின் காசு ஆயுள் சேமிப்பு என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

பதிவுக்கான விண்ணப்பத்தை ஆடிட்டர் நிரப்பட்டும், ஆனால் வரிவரியாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடு. 2013 கம்பெனிகள் சட்டம், 7-ஆம் பிரிவில், பொய்த் தகவல் கொடுத்தோ முக்கியமானதை மறைத்தோ பதிவு வாங்கினால் தொடங்கியவர்கள் மீதும் முதல் டைரக்டர்கள் மீதும் 447-ஆம் பிரிவு மோசடி வழக்கு வரும். பெரிய தொகையானால் பத்து ஆண்டு வரை சிறை. பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பே இல்லை என்றுகூடத் தீர்ப்பாயம் சொல்லலாம்.

மெஷின் ஆர்டர் நகலையும் ஷெட்டின் கிரயப் பத்திரத்தையும் வாட்ஸப்பில் அனுப்பு, பார்த்துவிட்டுப் பேசுகிறேன். அதுவரை வேறெதிலும் கையெழுத்துப் போடாதே. தங்கச்சிக்கும் மச்சானுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்