சைக்கிளோட்டிகளைப் பழமைவாதிகள் என்னலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு வாரமலரில், செயின் இல்லாத சைக்கிள் போன்ற புதுவகை வண்டிகளைப் புகழ்ந்து ‘நாளைய சைக்கிள்’ என்று வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். “இத்தகைய கண்டுபிடிப்புகள் பரவாததற்கு, பழைய சைக்கிளை விடமாட்டோம் என்று நிற்பவர்களின் பழமைவாதமே காரணம்” என்ற வரி மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இந்தப் பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டுவந்து போடும் பெடியனும் அந்தப் பழைய சைக்கிளில்தான் வருகிறான்.

நான் குடும்பநல உத்தியோகத்தராக யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி ஒழுங்கைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சேலையோடுதான் சைக்கிள் ஓட்டினேன். குழந்தைகளை நிறுக்கும் தராசு கரியரில், பதிவுப் புத்தகங்கள் முன்கூடையில். நீங்கள் போட்ட படத்திலுள்ள வண்டியில் மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை. மாரி காலத்தில் அதில் ஏறிப் போனால் முதுகு முழுக்கச் சேறுதான். தராசை எங்கே கட்டுவது? எழுதியவர் இதை ஒருதரம் யோசித்திருக்கலாம்.

கட்டுரை புதுமை என்று சொல்வதில் பாதி, எங்கள் பூட்டன் காலத்துச் சங்கதி. ஜோன் கெம்ப் ஸ்டார்லி 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றியில் இன்றைய சைக்கிளுக்கு முன்னோடியான ரோவர் சைக்கிளைச் செய்ததும், 1888 இல் டன்லொப் பெல்பாஸ்ற்றில் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை எடுத்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குப் பிறகு சில வருடங்களிலேயே, 1890களில், செயினுக்குப் பதிலாக, மிதிக்கும் பலத்தைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகச் சுழலும் தண்டு பூட்டிய சைக்கிள்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஓட்டிப் பார்த்த சனம் செயினுக்கே திரும்பியது. எண்ணெய் விட்ட நல்ல செயின், மிதிக்கும் பலத்தில் நூற்றுக்கு 95க்கு மேல் பின்சில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தண்டு வண்டியில் பல்லுச்சக்கரங்கள் இரண்டு இடத்தில் திசையைத் திருப்ப வேண்டும். அங்கே பலம் வீணாகிறது, பாரமும் கூடுகிறது. 1982 இல் சுவீடனில் இட்டேரா என்று ஒரு பிளாஸ்ரிக் சைக்கிள் வந்தது. துருப்பிடிக்காது என்றார்கள். மிதித்தால் வளைந்து ஆடியது. மூன்று வருடத்தில் உற்பத்தியே நின்றது. 1985 ஜனவரியில் இங்கிலாந்தில் வெளியான சின்கிளேர் சி5 என்ற பற்றரி வண்டி அந்த வருடத்தையே தாண்டவில்லை. இவற்றையெல்லாம் வாங்காமல் விட்டவர்களும் பழமைவாதிகளா?

எனக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். ரொறன்ரோவிலிருந்து வந்த என் தம்பியின் மகன், மாமி இனிக் கஷ்டப்படக்கூடாது என்று செயின் இல்லாத சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். பிள்ளையின் அன்புக்காக ஓட்டினேன். மருதனார்மடத்துக்குக் கிட்ட பின்சில்லில் முள்ளுக் குத்தியது. உருட்டிக்கொண்டு போய் ஒரு சைக்கிள் கடையில் விட்டேன். கடைக்காரத் தம்பி குந்தியிருந்து சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மூடி. அதைக் கழற்றினால் உள்ளே நட்சத்திரம் போல ஆறு மூலைத் துளை. தன்னிடமிருந்த சாவியெல்லாம் வைத்துப் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, இதுக்குச் சாவி என்னட்டை இல்லை. டவுனிலையும் ஒருத்தரும் தொடாயினம்” என்றார். பிறகு சில்லைக் கழற்றாமலே ரயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ரியூபை வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டித் தந்தார். அவர் இருந்தபடியால் வீடு வந்து சேர்ந்தேன். பழைய சைக்கிளை நம்பிப் பிழைக்கும் அந்தத் தம்பி போன்றவர்களைத்தான் உங்கள் கட்டுரை தடை என்கிறது.

சைக்கிளோட்டிகள் எந்த மாற்றத்தையும் ஏற்காதவர்கள் என்பதும் உண்மையல்ல. செயினை ஒரு பல்லுச்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக் கியர் மாற்றும் ‘டிரேலியர்’ என்ற கருவியைப் பிரான்சில் சாதாரணமாகச் சைக்கிளில் ஊர் சுற்றியவர்கள் முன்பே பூட்டிக்கொண்டார்கள். ரூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் அதற்கு 1937 வரை அனுமதி இல்லை. மறித்தவர்கள் போட்டியை நடத்தியவர்கள். 1933 இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர், சாய்ந்து கிடந்தபடி ஓட்டும் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சாதனை செய்தார். மறுவருடமே சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம் அந்த வகையைப் போட்டிகளிலிருந்து ஒதுக்கிவிட்டது. அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் காங்கேசன்துறை வீதியில் பஸ் சில்லின் உயரத்தில் படுத்துக்கொண்டு போக என் பேத்தியை விடமாட்டேன்.

1990களில், யுத்தகாலத் தடையால் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தை எதில் கொண்டிழுத்தோம்? விறகு, அரிசி, நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் சைக்கிளில்தான். ரயர் தேய்ந்து வெடித்தபோது பழைய ரயர்த் துண்டை உள்ளே வைத்து ஓடினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் ஓட்ட இடமில்லாமல், மூட்டையைக் கட்டி சைக்கிளை உருட்டிக்கொண்டே போனோம். திருத்த ஆளும் சாமானும் ஊரிலேயே இருந்ததால்தான் அது எங்களைக் காப்பாற்றியது. 2022 இல் பெற்றோல் வரிசை நீண்டபோதும் கோடிப்பக்கம் கிடந்த சைக்கிள்கள்தான் மீண்டும் றோட்டுக்கு வந்தன. அப்போது நீங்கள் போட்ட படமும் நினைவிருக்கிறது: சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே ‘அவலம்’ என்று. நான் வேலை செய்த காலம் முழுவதும் அப்படித்தான் போனேன். அதில் என்ன அவலம்? விபத்துச் செய்தி என்றால் சைக்கிள்காரர் ‘குறுக்கே வந்தார்’ என்றே எழுதுகிறீர்கள். வீதிக்கரையில் மணலைக் கொட்டி, வாகனத்தையும் நிறுத்தி, எங்களை நடுறோட்டுக்குத் தள்ளுகிறவர்கள் பற்றி ஒரு வரி வருவதில்லை. பஸ் நிலையப் பக்கம் சைக்கிளை நிழலில் விட இடமில்லை என்று முன்பொருதரம் எழுதினேன்; அந்தக் கடிதமும் வெளிவரவில்லை. நீண்டகால வாசகி என்ற உரிமையில் இதையும் சொல்கிறேன். குறை நினைக்கவேண்டாம்.

புதிய சைக்கிள்கள் பற்றி எழுதவேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அடுத்த தடவை எழுதும்போது, அதன் பாரம் எவ்வளவு, விலை எவ்வளவு, பின்சில்லில் காற்றுப் போனால் என்ன சாவி வேண்டும், அந்தச் சாவி எங்கே கிடைக்கும் என்ற விபரங்களையும் சேர்த்துப் போடுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் உங்கள் அலுவலகத்துக்குக் கிட்டவுள்ள ஏதாவதொரு சைக்கிள் கடையில் படத்தைக் காட்டி, அவர் சொல்வதையும் நாலு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
சுன்னாகம்.