புல்மோட்டை மணலை எல்லோரும் தொட்டறியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புவிச்சரிதவியல் (ஜியோலொஜி) நிகழ்ச்சிகளில் எல்லோரும் பங்குபற்றச் சில மாற்றங்கள் தேவை. கொழும்பில் காலை 8.30க்குத் தொடங்கும் கருத்தரங்குக்குத் திருகோணமலை மாணவி முதல்நாள் இரவே பஸ் ஏற வேண்டும். 'பயணச்செலவைப் பிறகு தருவோம்' என்பது உதவி போலத் தெரியும். கையில் காசில்லாதவர் விண்ணப்பிப்பதே இல்லை. கருத்தரங்கை நடத்தும் சங்கங்கள் முன்பணம் கொடுத்துவிட்டு, டிக்கெட்டைச் சான்றாகப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தமிழில் அறிவித்தல் போடுவதிலும் கவனம் தேவை. 'புவியியல்' என்று எழுதினால் நம் பாடசாலைகளில் அது ஜியோகிரபி. வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள்.

களப்பயணத்தில் பெண்கள் குறைவதற்குப் பாறை ஏறும் பயம் காரணமில்லை. நிகழ்ச்சி நிரலில் மலசலகூடம் எங்கே என்றே இராது. அதனால் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று மயங்குகிறார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு நிறுத்தம், இடத்தின் பெயரோடு, முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும்.

பார்வை குறைந்தவருக்குக் களத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இதைச் செய்து பார்க்கட்டும். ஒரே அளவான இரண்டு பால்மா டின்களை எடுங்கள். ஒன்றில் நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணல், மற்றதில் சாதாரண வெள்ளை மணல். இரண்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; ஈரமிருந்தால் ஒப்பீடு பிழைக்கும். கறுப்பு மணலில் மிகுந்துள்ள இல்மனைற் என்ற கனிமத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 4.7 கிராம், வெள்ளை மணலில் மிகுந்துள்ள குவார்ட்ஸ் கனிமத்தினது 2.65 கிராம். தூக்கியதுமே கை சொல்லிவிடும். அலை ஏன் இலேசான மணலை அள்ளிக்கொண்டு கறுப்பைக் கரையில் விட்டுப்போகிறது என்பதை விளக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது, கண் தெரிபவர்களுக்கும்தான்.

இப்படிக்கு,
புவிச்சரிதவியல் பயின்றோர் சிலர்,
திருகோணமலை.