நர்சரிக்காரர்களே, ஒட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

அரிய சிட்ரஸ் வகைகளையும் குளிர் தாங்கும் வகைகளையும் வளர்த்து விற்கும் நர்சரிக்காரர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நான் உங்கள் வாடிக்கையாளன். இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற ரகம். அதனால் இதைக் கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். சரி, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் உங்களில் ஒருவரிடம் யூசு என்கிற ஜப்பானிய எலுமிச்சை வகையின் ஒட்டுக்கன்று ஒன்று வாங்கினேன். லேபிளில் இருந்தது இவ்வளவுதான்: "யூசு, மைனஸ் 9 டிகிரி வரை தாங்கும்". நம்பித் தரையில் நட்டேன். இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு வாரம் நல்ல இதமாக இருந்துவிட்டு திடீரென்று இரண்டு இரவு கடும் உறைபனி அடித்தது, செடி மேலிருந்து கீழ்வரை கருகிவிட்டது. வசந்தத்தில் அடியிலிருந்து பச்சைத் தளிர் கிளம்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, பிழைத்துவிட்டது என்று உரம் வைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினேன். இலை வில்வம் மாதிரி மூன்று மூன்றாக வந்தது. இளசில் அப்படித்தான் இருக்கும் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் வருடம் இலையே இல்லாத கிளையில் வெள்ளைப் பூ, அப்புறம் சின்னதாக உருண்டையாக மஞ்சள் காய். தொட்டால் தோலில் மெல்லிய ரோமம். அறுத்தால் உள்ளே பாதி விதை, கத்தியில் பிசின், வாயில் வைத்தால் அப்படி ஒரு கசப்பு.

யூசு என்றைக்கோ செத்துப் போயிருந்தது. நான் இத்தனை வருடம் வளர்த்தது ஒட்டுக்குக் கீழே வேருக்காக வைத்திருந்த வேறொரு செடியை, அதாவது வேர்ச்செடியை, மூவிலை ஆரஞ்சை. அது மைனஸ் 20 டிகிரியில்கூடத் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் அது மட்டும் பிழைத்தது. பாதித் தப்பு என்னுடையது, இலையைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும். ஆனால் வேர்ச்செடியின் பெயரை லேபிளில் ஒரு வரி போட்டிருந்தால் முதல் மாதமே புரிந்திருக்குமே?

அந்த மைனஸ் 9 பொய் இல்லை, நன்றாக வேரூன்றிய யூசு ஏறத்தாழ அதுவரை தாங்கும். எந்த யூசு என்பதுதான் கேள்வி. இலையுதிர் காலத்தில் குளிர் படிப்படியாக ஏறினால் மரம் வளர்ச்சியை நிறுத்தித் தன்னைத் தயார் செய்துகொள்ளும், இதமான வாரத்துக்குப் பின் திடீரென்று விழுகிற குளிரில் அதே மரம் அதைவிடக் குறைந்த குளிருக்கே படுத்துவிடும். ஒரு மணி நேரக் குளிரும் விடிய விடிய அடிக்கிற குளிரும் ஒன்றல்ல. பென்சில் தடிமன் கன்றும் பத்து வயது மரமும் ஒன்றல்ல. தொட்டியில் இருந்தால் வேரைச் சுற்றி மண்ணின் காப்பும் கிடையாது. இவ்வளவையும் விழுங்கிவிட்டு ஒரே ஒரு எண்ணை அச்சடித்தால் அது எங்களுக்கு உத்தரவாதம் மாதிரித்தான் தெரியும்.

"மைனஸ் 15 தாங்கும், ஆரஞ்சு மாதிரி இனிக்கும்" என்று எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1894–95 குளிர்காலத்தில் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் உறைந்து அழிந்தபின், வால்டர் ஸ்விங்கிள், ஹெர்பர்ட் வெப்பர் என்ற இரண்டு அமெரிக்கத் தாவர விஞ்ஞானிகள் இதே மூவிலை ஆரஞ்சைச் சாத்துக்குடியோடு கலந்து சிட்ரேஞ்ச் என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள். குளிர் தாங்கியது, கசப்பும் கூடவே வந்தது. கடைசியில் கரிஸோ, டிராயர் என்ற சிட்ரேஞ்ச் வகைகளெல்லாம் புகழ்பெற்றது வேர்ச்செடியாகத்தான். அவர்களுக்கே பிடிபடாத இனிப்பு உங்கள் லேபிளில் மட்டும் எப்படி வந்தது?

விதைக்கன்றை விதைக்கன்று என்றே சொல்லி விற்கவும் வேண்டுகிறேன். மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை, யூசு மாதிரி பல வகைகளில் விதையிலிருந்தும் பெரும்பாலும் தாயின் அச்சாகவே கன்று வரும். ஆனால் காய்க்க எத்தனை காலம்? யூசு 18 வருடம் எடுக்கும் என்று ஜப்பானில் ஒரு சொலவடையே உண்டு. அத்தனை வருடம் காத்திருக்கத் தயாரா என்று வாங்குகிறவர் முடிவு செய்யட்டும்.

கன்றோடு தருகிற துண்டுச்சீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். "குளிர்காலத்தில் வீட்டுக்குள் நல்ல வெயில் படும் ஜன்னலோரம் வைக்கவும்" என்கிறது என்னிடம் இருப்பது. வேர்மண் சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் வேர் தண்ணீர் எடுப்பது அநேகமாக நின்றுவிடும். குளிர்ந்த தரையில் தொட்டி, மேலே வெயிலில் சூடாகிற இலை என்றால் செடி என்ன செய்யும், இலையைக் கொட்டும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைப்போம். ஒரு மேயர் எலுமிச்சையை நான் அப்படித்தான் கொன்றேன்.

மேயர் என்றதும் இன்னொன்று. 1908-இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அந்த மரம், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் மற்ற சிட்ரஸ் மரங்களைக் கொல்லக்கூடிய டிரிஸ்டெசா வைரஸைச் சுமந்துகொண்டிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. வைரஸ் இல்லாத மேயர் 1975-இல்தான் வெளியானது. சிட்ரஸ் மரங்களை அழிக்கிற பசுமையாக்க நோய்க்கோ (கிரீனிங்) இன்றுவரை மருந்து இல்லை. ஆகவே அரிய வகை என்று எங்களுக்கு ஆசை காட்டும்போது ஒட்டுவதற்கு வெட்டிய குச்சி எங்கிருந்து வந்தது, சோதித்துச் சான்று பெற்றதா என்பதையும் சொல்லுங்கள். பையில் மறைத்துக் கொண்டுவந்த குச்சி எனக்கு வேண்டாம், எவ்வளவு அரியதாக இருந்தாலும்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள், எனக்கு அந்த யூசுவை விற்றவர் இதைப் படித்தால். மரத்தை நான் வெட்டவில்லை. முள் நேராக இருக்கிறது, வளைந்து இல்லை, ஆகவே ஃபிளையிங் டிராகன் என்கிற வளைந்த முள் மூவிலை வகை கிடையாது. குளிரில் ஓர் இலை மிச்சமில்லாமல் உதிர்க்கிறது, ஆகவே சிட்ரேஞ்சாகவும் தெரியவில்லை. மூவிலையில் எந்த வகை என்று உங்கள் பழைய பதிவேட்டில் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். வசந்தத்தில் பட்டை உரியத் தொடங்கியதும் அதன்மேல் சட்சுமா என்கிற கமலா ஆரஞ்சு வகையின் மொட்டு ஒன்றை ஒட்டப்போகிறேன், இந்தத் தடவை லேபிளை நானே எழுதிக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்