கிணற்று மட்ட மீற்றர்: எங்கள் பழைய போர்டில் உள்ள பிழை

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கோடையில் விசுவமடுவில் இருந்து ஓர் ஐயா அழைத்தார். "தம்பி, மோட்டர் ஓடேக்க கிணத்தில தண்ணி ஏறுதெண்டு காட்டுது உங்கட மீற்றர்." இறைக்கும்போது தண்ணீர் இறங்கத்தானே வேண்டும்! போய்ப் பார்த்தோம். மோட்டரைப் போட்டதும் மட்டம் 20 சென்ரிமீற்றர் ஏறியது, நிறுத்தியதும் பழைய இடத்துக்கு வந்தது.

சென்சர் நல்லது, சிப்பும் நல்லது. போர்டை வரைந்த நாங்கள்தான் பிழைவிட்டிருக்கிறோம்.

சென்சரின் வோல்டை எண்ணாக்குவது எம்.சி.பி. 3008 என்ற ஏ.டி.சி. சிப். 10 பிட். கொடுத்த ஒப்பீட்டு வோல்டை 1024 பங்காக்கி, வந்த வோல்ட் அதில் எத்தனை பங்கு என்று சொல்லும். நெல் நிறுக்கும் படிக்கல் தேய்ந்திருந்தால் நெல் கூடக் காட்டும் அல்லவா, அதே கதைதான். செலவைக் குறைக்க 5 வோல்ட் சப்ளையையே படிக்கல்லாக வைத்தோம். மோட்டரைப் போட்டு நிறுத்தும் சுவிச்சான ரிலேயும், போன் சிம் போடும் மொடியூலும் கரண்டை இழுப்பது அதிலிருந்துதான். ஐயாவின் பெட்டியில் மோட்டர் ஓடும்போது அந்த 5 வோல்ட் 4.7 ஆக இறங்கி நின்றது. சென்சர் அசையாமல் 2.5 வோல்ட் தர, சிப் 512 என்பதற்குப் பதில் 544 என்றது. வற்றிய கிணற்றுக்கு 1 வோல்ட், 5 மீற்றர் தண்ணீருக்கு 5 வோல்ட் என்ற கணக்கில் அந்த 32 பங்குதான் 20 சென்ரிமீற்றர்.

16 பிட் சிப் போட்டால் சரிவருமா என்று சிலர் கேட்கிறீர்கள். படிக்கல் அதேதான் என்றால் பிழையும் அதேதான், பங்குகள் மட்டும் நுணுக்கமாகும்.

புதிய போர்டில் 4.096 வோல்ட் தரும் தனி ஒப்பீட்டுச் சிப் இருக்கிறது. சப்ளை 4.7க்கு இறங்கினாலும் அது அசையாது. ஒரு பங்கு சரியாக 4 மில்லிவோல்ட். சென்சர் தரும் 4 முதல் 20 மில்லியம்பியர் கரண்டை வோல்டாக்கும் 250 ஓம் ரெசிஸ்டரை, வோல்ட் 4.096ஐத் தாண்டாதபடி 200 ஓமாக மாற்றினோம். இனி வற்றிய கிணறு 200 பங்கு, 5 மீற்றர் தண்ணீர் 1000 பங்கு. சப்ளையின் ஆட்டத்தைத் தணிக்க, சிப்பின் சப்ளைக் காலோடு ஒட்டினாற்போல் 1 மைக்ரோபரட் கப்பாசிற்றர். ரிலேயின் கரண்ட் திரும்பும் கிரவுண்டுக்குத் தனி வழி.

சென்சர் வயரை மோட்டர் வயரோடு ஒரே பைப்புக்குள் விடாதீர்கள். கரண்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஏறும். புதிய புரோகிராம் 20 மில்லிசெக்கன், அதாவது ஒரு முழு அலை, வாசித்துச் சராசரி எடுக்கிறது. அப்படியும் வயரைப் பிரிப்பதே நல்லது.

மாரியில் மோட்டர் சும்மா நிற்கும்போது பெட்டியைக் கழற்றிக் கிளிநொச்சிக் கடைக்குக் கொண்டு வாருங்கள். போர்டை இலவசமாக மாற்றித் தருவோம். சென்சர் கிணற்றுக்குள்ளேயே இருக்கட்டும்.

அன்புடன்,
கடைக்காரர்